முழு முட்டை

உங்களுக்கு முட்டை எப்படிப் பிடிக்கும்?

ஆஃப்பாயிலா, ஃபுல்பாயிலா, கலக்கியா, கரண்டி ஆம்லெட்டா, பொடிமாஸா, அவிச்சதா, இல்ல குழம்புல உடைச்சு ஊத்துனதா?

இந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதிலில் அவர் வளர்ந்த வீடு தெரியும் என்பது என் எண்ணம். எங்க வீட்டுக் கதையை வைத்தே சொல்றேன். நீண்ட பதிவு. நடுவில் கொஞ்சம் மருத்துவமும் வரும். பொறுமையாகப் படிங்க.

நான் வளர்ந்தது அருப்புக்கோட்டை பக்கம். அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தார். தறி ஓட்டுபவர்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். அன்று ராத்திரி அப்பா வரும்போது செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மூன்று முட்டை வாங்கி வருவார். மளிகைக் கடையில் அப்போது ஒரு முட்டை ஒன்றரை ரூபாய்க்குள் இருந்த ஞாபகம். ஆனால் அந்த ஒன்றரை ரூபாயும் யோசித்துச் செலவு செய்கிற காசு.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்க வீட்டில் இட்லியோ தோசையோ, கூட அவிச்ச முட்டை.

வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. முட்டை மூன்று.

கணக்கு இப்படிப் போகும்.

அப்பாவுக்கு ஒன்று. உழைக்கிறவர்.
தம்பிக்கு ஒன்று. ஆம்பளப் பிள்ளை, வளர்ற பிள்ளை.
மூன்றாவது முட்டை எனக்கும் அக்காவுக்கும் பாதி பாதி.
அம்மாவுக்கு இல்லை.

யாரும் இதை உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. சட்டம் போட்டும் வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, எங்க வீட்டிலும் அப்படி. அப்பா எங்க மேல உசிரா இருப்பார். அம்மாவும் அப்படித்தான். பாசத்துக்கும் இந்தப் பங்குக்கும் சம்பந்தமே கிடையாது. ரெண்டும் ஒரே தட்டில் இருந்தன.

அந்த மூன்றாவது முட்டையை அம்மா தையல் நூலால் அறுப்பாங்க. கத்தியில் அறுத்தால் மஞ்சக்கரு உதிர்ந்து கத்தியிலேயே ஒட்டிப் போகும். நூலை முட்டையின் நடுவில் சுற்றி, ரெண்டு முனையையும் இழுத்தால் கோடு போட்ட மாதிரி ரெண்டாகும். நானும் அக்காவும் குனிந்து பார்ப்போம், யார் பக்கம் மஞ்சள் ஜாஸ்தின்னு. முட்டையில் மஞ்சக்கரு எப்பவும் சரியா நடுவில் நிற்காது. ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஒரு வாரம் அவள் முதலில் எடுப்பாள், அடுத்த வாரம் நான். இந்த முறை மட்டும் எழுதாத சட்டமாக எங்களுக்குள் இருந்தது.

பாதி முட்டையைச் சாப்பிட ஒரு வித்தை உண்டு. முதலில் வெள்ளைக்கருவைச் சுற்றிலும் கடித்துக் கடித்து முடிக்கணும். மஞ்சக்கரு கடைசி. அதை இட்லியோடு பிசைந்து நாலு வாயாக நீட்டணும். இன்றைக்கும் நான் அவிச்ச முட்டையை அப்படித்தான் சாப்பிடுறேன். எதிரில் முழுசா ரெண்டு முட்டை இருந்தாலும் மஞ்சக்கரு கடைசிதான்.

சரி, அம்மா?

எங்க அம்மா ஒரு வேலை பண்ணுவாங்க. மாசத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை "இன்னைக்கு அவிக்கல, பொடிமாஸ்"னு சொல்லிருவாங்க. ரெண்டு கை சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சத்தூள். நல்லா வதங்கின பிறகு அந்த மூன்று முட்டையையும் உடைத்து ஊற்றிக் கிண்டினால் சட்டி நிறைய வரும்.

பொடிமாஸில் ஒரு விசேஷம் உண்டு. அதை யாராலும் எண்ண முடியாது.

அப்பாவுக்கு எத்தனை, தம்பிக்கு எத்தனை என்ற கேள்வியே எழாது. கரண்டி அம்மா கையில். எல்லாருக்கும் ஒரே அளவு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டினதோடு ஒரு கரண்டி மிஞ்சும். அதில் சோற்றைப் போட்டுப் பிரட்டி அம்மா சாப்பிடுவாங்க. அவங்க வாயில் முட்டை போனது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

அம்மாவுக்கு இப்போ அறுபது தாண்டிருச்சு, என்னோடதான் இருக்காங்க. வீட்டில் முட்டை டஜன் கணக்கில் இருக்கு. எது பிடிக்கும்னு கேட்டா, யோசிக்காம வர்ற பதில் பொடிமாஸ். அந்த ருசி அவங்க நாக்கில் எப்படி வந்து உட்கார்ந்ததுன்னு எனக்குத் தெரியும்.

நான் முழு முட்டை சாப்பிட்ட இடம் வீடு கிடையாது. பள்ளிக்கூடம்.

நான் பிறந்தது 1989. அதே வருஷம்தான் தமிழ்நாட்டில் சத்துணவில் முட்டை சேர்ந்தது. அதற்கு முன் கதை கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம். காமராஜர் 1956ல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். கலைஞர் ஆட்சியில் 1989ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு அவித்த முட்டை வந்தது. 1998ல் அது வாரம் ஒன்று ஆனது. 2006ல் ரெண்டு, 2007ல் மூன்று, 2010ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் ஒன்று. ஜெயலலிதா ஆட்சியில் 2013ல் கலவை சாதங்கள் வந்தபோது முட்டையும் மிளகு, தக்காளி, மசாலா என்று வகைவகையாக மாறியது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். 1989லிருந்து 2010 வரைக்கும் முட்டை எண்ணிக்கை ஏறிக்கிட்டே வந்திருக்கு. நம்ம மாநிலத்தைப் பற்றி நான் பெருமையா சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் இது ஒன்று.

1998ல் நான் நாலாங்கிளாஸ். எங்க பள்ளியில் முட்டை போடும் நாள் காலையிலேயே வாசனை வகுப்புக்கு வந்துரும். சத்துணவு ஆயாம்மா பெரிய அண்டாவில் அவித்து, பச்சைத் தண்ணியில் கொட்டி, திண்ணையில் உட்கார்ந்து உரிப்பாங்க. மணி அடிச்சதும் தட்டோடு வரிசை. தட்டில் சாதம், சாம்பார், அதன் மேல ஒரு முட்டை.

முழு முட்டை.

எனக்கு முன்னாடி நின்ற பையனுக்கும் ஒன்று. எனக்கும் ஒன்று. மேலத்தெருப் பிள்ளைக்கும் ஒன்று, காலனிப் பிள்ளைக்கும் ஒன்று. பொம்பளப் பிள்ளைன்னு அரசாங்கம் நூல் எடுத்து அறுக்கவில்லை.

அந்த வயசில் இதெல்லாம் எனக்கு இப்படித் தோணவில்லை. "ஐ, முட்டை"னு மட்டும்தான் தோணுச்சு. ஆனா எனக்குப் பிடித்த முட்டை எதுன்னு கேட்டா இன்றைக்கும் பதில் அதுதான். அவித்த முட்டை, முழுசா, சாம்பார் லேசா ஒட்டினது. சாம்பாரில் நனைஞ்ச வெள்ளைக்கருவுக்கு ஒரு தனி ருசி இருக்கு. சாப்பிட்டவங்களுக்குத் தெரியும்.

வீட்டில் முழு முட்டை எப்போ கிடைச்சது?

நான் வயசுக்கு வந்த பிறகு.

தென் மாவட்டத்து ஆட்களுக்கு இந்த இடம் நல்லாப் புரியும். எட்டாங்கிளாஸ் படிக்கும்போது. கிராமத்திலிருந்து அப்பத்தா ஒரு தூக்குவாளியில் உமி போட்டு, அதுக்குள்ள நாட்டுக்கோழி முட்டைகளைப் புதைத்து எடுத்துட்டு வந்தாங்க. அப்பத்தா வீட்டில் கோழி நிறைய உண்டு. ஆனா அந்த முட்டைகளை நாங்க சாப்பிட்டதே கிடையாது. ஒன்று அடைக்கு வைப்பாங்க, இல்லைன்னா விற்பாங்க. அன்றைக்குத்தான் அது எனக்குன்னு வந்தது.

காலையில் வெறும் வயிற்றில், முட்டையின் தலையை லேசா உடைத்து, அப்படியே வாயில் ஊற்றுவாங்க. மூக்கைப் பிடிச்சுக்கணும். அது இறங்கினதும் அதே ஓட்டில் நல்லெண்ணெயை நிறைத்து அதையும் ஊற்றுவாங்க. பிறகு உளுந்தங்களி. "குடி பாப்பா, இடுப்பு எலும்பு இரும்பா ஆகும், நாளைக்குப் பிள்ளை பெறணும்ல"ன்னு சொல்லிச் சொல்லி ஊட்டினாங்க. எத்தனை நாள்னு எண்ணவில்லை. போதும் போதும்னு ஆகிருச்சு.

எனக்கு ஆஃப்பாயில் பிடிக்காததுக்குக் காரணம் இதுதான். மஞ்சக்கரு ஓடுறதைப் பார்த்தாலே நல்லெண்ணெய் வாசனை மூக்குக்கு வந்துரும்.

இப்போ மருத்துவராக இந்தச் சடங்கைப் பார்ப்போம்.

அப்பத்தா சொன்னதில் ஒரு பாதி சரி. வளரும் பெண்ணுக்குப் புரதம் அதிகம் வேணும். ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி 10 முதல் 12 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 32 கிராம் புரதம் தேவை. அதே வயதுப் பெண்ணுக்கு? சுமார் 33 கிராம். ஆமாம், ஒரு கிராம் கூட. "வளர்ற பிள்ளை" கணக்கில் பார்த்தால் அந்த வயசில் பங்கு சமமாத்தான் இருக்கணும்.

பச்சையா கொடுத்ததுதான் தேவையில்லாதது. வேகவைத்த முட்டையில் இருக்கும் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்கு நம்ம உடம்பு எடுத்துக்கும். பச்சை முட்டையில் கிட்டத்தட்ட பாதிதான். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் உண்டு. அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தத் தொல்லை போயிரும். அதோடு சால்மோனெல்லா கிருமி பயம் வேற. ஆகவே வயசுக்கு வந்த பிள்ளைக்கு முட்டை கொடுங்க, தாராளமா கொடுங்க. அவிச்சுக் கொடுங்க. நல்லெண்ணெய் தாளிக்க இருக்கட்டும்.

ஆனா இதில் பெரிய விஷயம் வேற ஒன்று இருக்கு. இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

பெண் குழந்தைகள் வேகமா உயரும் காலம் முதல் மாதவிடாய்க்கு முன்னாடி வரும். பின்னாடி கிடையாது. வருஷத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரைக்கும் கிடுகிடுன்னு உயர்றது, பாவாடை ஆறு மாசத்தில் கட்டையாப் போறது, இதெல்லாம் பெரும்பாலும் வயசுக்கு வருவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பு உச்சத்தில் இருக்கும். வயசுக்கு வந்த பிறகு உயரம் கூடுறது பொதுவா ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர்தான்.

அதாவது உடம்பு முட்டைக்கு ஏங்கி நின்ற காலத்தில் பாதி கொடுத்தோம். உயரம் கிட்டத்தட்ட முடிஞ்ச பிறகு ஊரைக் கூட்டி முழுசாக் கொடுக்கிறோம்.

அவள் பிள்ளை பெறணும் என்பதுக்காகக் கொடுத்தது அது. அவள் வளரணும் என்பதுக்காகக் கொடுக்க வேண்டியது அதுக்கு முன்னாலேயே.

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று வயசில் எனக்கு முழுசா கிடைச்சது சத்துணவு முட்டை மட்டும்தான். வாரத்துக்கு ஒன்று. அது போதாது. ஆனா அது சரியான வயசில் வந்த முட்டை.

பிறகு மருத்துவக் கல்லூரி, ஹாஸ்டல். மெஸ்ஸில் அவித்த முட்டை ஒரு தட்டுக்கு ஒன்று. ஆம்பளை மெஸ், பொம்பளை மெஸ் ரெண்டுக்கும் ஒரே கணக்கு. ஹவுஸ் சர்ஜன் ஆனதும் ராத்திரி ட்யூட்டி. ஆஸ்பத்திரிக்கு எதிரில் விடிய விடிய ஓடும் ஒரு பரோட்டாக் கடை. நடுராத்திரி ஒரு மணிக்கு, லேபர் வார்டில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தால் நானும் கூடப் படிச்ச தோழியும் அங்கே போவோம்.

கல்லு முன்னாடி நின்ற மாஸ்டர் கேட்டார்.

"முட்டை எப்படி வேணும்மா?"

ஒரு நிமிஷம் பதில் வரவில்லை. எத்தனைன்னுதான் எனக்குப் பழக்கம். எப்படின்னு யாரும் கேட்டதில்லை.

"ஃபுல்பாயில், பெப்பர் தூக்கலா"ன்னு சொன்னேன். பக்கத்து டேபிளில் ஒருத்தர் சாப்பிட்டதைப் பார்த்துச் சொன்னதுதான். நல்லா இருந்தது. ரெண்டு பக்கமும் முறுகலா, ஓரத்தில் வெள்ளைக்கரு பப்படம் மாதிரி. என் லிஸ்ட்டில் இன்றைக்கும் அதுக்கு ரெண்டாவது இடம். மூன்றாவது முட்டைக் குழம்பு, அதுவும் அவித்துப் போடாமல் கொதிக்கும்போது உடைத்து ஊற்றினது. மறுநாள் காலையில் பழைய குழம்போடு தோசை. அவ்வளவுதான் என் லிஸ்ட். கலக்கி விரும்பிகள் மன்னிக்கவும்.

இப்போ நான் வேலை பார்க்கிற வார்டுக்கு வருவோம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆன தாய்மார்களுக்கு உணவோடு முட்டையும் வரும். காலை ரவுண்ட்ஸில் நான் தையலைப் பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன், ரத்தப்போக்கு பார்ப்பேன், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியையும் பார்ப்பேன். அதன் மேல முட்டை மூடி வைச்சிருக்கும்.

"ஏம்மா சாப்பிடல?"

பதில்கள் பெரும்பாலும் மூன்று.

"தையல் போட்டிருக்குல்ல மேடம், முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும்னு அத்தை சொன்னாங்க."

"பெரியவன் ஸ்கூல் விட்டு வருவான் டாக்டரம்மா, அவனுக்கு எடுத்து வைச்சிருக்கேன்."

"எனக்கு முட்டை பிடிக்காதுங்க."

மூன்றுக்கும் தனித்தனியா பதில் சொல்றேன்.

முதல் பதில். முட்டையால் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமியால். தையல் போட்ட இடத்தில் புதுத் தசை பின்னி எழும்ப உடம்புக்குப் புரதம் வேணும். வீடு கட்டும்போது செங்கல் வேண்டாம்னு சொன்னா எப்படி? சிசேரியன் ஆனவங்களுக்கு ஆகாரம் ஆரம்பிக்கலாம்னு மருத்துவர் சொன்ன பிறகு அவித்த முட்டை நல்ல உணவு. முட்டை ஒத்துக்காமல் உடம்பு தடிக்கிறவங்க, மூச்சு இழுக்கிறவங்க மட்டும் தவிர்க்கணும்.

ரெண்டாவது பதில்தான் என்னை நிறுத்திவிடும். ஏன்னா அது எங்க அம்மா சொல்ற பதில். பெற்ற பிள்ளைக்கு எடுத்து வைக்கிறவளை எப்படித் திட்டறது? திட்ட மாட்டேன். கணக்கு சொல்வேன். "நீ இப்போ சாப்பிடறது உனக்கு மட்டும் இல்லம்மா. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் புரதம் வேணும். பால் கொடுக்கிற முதல் ஆறு மாசம் அதுக்கு மேல 17 கிராம் கூட வேணும். இந்த ஒரு முட்டையில் இருக்கிறது ஆறு கிராம். பெரியவனுக்கு ஸ்கூல்லயே முட்டை போடறாங்க. அவன் பங்கு அவனுக்கு வந்துரும். இது உன் பங்கு."

"ஸ்கூல்ல போடறாங்க" என்று சொன்னதும் பல பேர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். பிறகு எடுத்துச் சாப்பிடுவாங்க. நான் பக்கத்துக் கட்டிலில் கேஸ் ஷீட் எழுதுற மாதிரி நின்னுட்டு, சாப்பிட்டு முடிச்சதும் நகர்ந்துருவேன்.

மூன்றாவது பதில். பிடிக்காதுன்னா பிடிக்காதுதான். சைவம் என்றாலும் சரிதான். அதில் கட்டாயமே இல்லை. பருப்பு, சுண்டல், பால், தயிர், நிலக்கடலை, சோயான்னு வழி நிறைய இருக்கு. ஆனா "பிடிக்காது" என்று சொல்கிற எல்லாப் பெண்களுக்கும் உண்மையிலேயே பிடிக்காதான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சில பேரிடம் மெதுவாக் கேட்பேன், "சின்ன வயசில் வீட்டில் முட்டை யாருக்கும்மா கொடுப்பாங்க?" சிரிச்சிட்டு, "அண்ணனுக்கும் அப்பாவுக்கும்தான்"னு சொல்வாங்க. நமக்குக் கிடைக்காததைப் பிடிக்காதுன்னு சொல்லிப் பழகிட்டா வலிக்காது. அப்படியே அது நிஜமாவும் ஆகிரும்.

எப்பவும் இன்பாக்ஸில் வரும் கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிடறேன்.

மஞ்சக்கருவைத் தூக்கிப் போடலாமா?
வேண்டாம். ஒரு முட்டையின் ஆறு கிராம் புரதத்தில் இரண்டரை கிராமுக்கு மேல மஞ்சக்கருவில்தான் இருக்கு. வைட்டமின் ஏ, டி, பி12, கோலின் எல்லாத்துக்கும் முக்கிய இடம் அதுதான். அதில் கிட்டத்தட்ட 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு உணவில் இருக்கும் கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்தில் ஏறுவதில்லை. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்ற பழைய எல்லையை அமெரிக்க உணவு வழிகாட்டுதல் 2015லேயே எடுத்துவிட்டது. ஆரோக்கியமானவர்கள் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம். சர்க்கரை நோய், இதய நோய், பரம்பரையா கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் உங்க மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு பண்ணுங்க.

நாட்டுக்கோழி முட்டையா, வெள்ளை முட்டையா?
ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சக்கருவின் நிறம் கோழி தின்ற தீனியைப் பொறுத்தது. புரதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. நாட்டு முட்டை அளவில் சின்னது, விலையில் பெரியது. ருசிக்காக வாங்குறீங்கன்னா தாராளமா வாங்குங்க. சத்துக்குன்னா நாமக்கல் முட்டையே போதும்.

முட்டை ரத்தசோகையைத் தீர்க்குமா?
தீர்க்காது. இதைத் தெளிவாச் சொல்லணும். ஒரு முட்டையில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட முழுசா இல்லை, அதிலும் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை முட்டைக்குப் பதிலா நிறுத்திராதீங்க. ரெண்டும் வேணும்.

குழந்தைக்கு எப்போ?
ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கின பிறகு, நன்றாக வேகவைத்து, மசித்து, கொஞ்சமா ஆரம்பிக்கலாம். ஒரு வயசு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருப்பது நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியிருக்கு. புதுசாக் கொடுக்கும்போது தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் வருதான்னு மட்டும் கவனிங்க.

வெயில் காலத்தில் சூடு ஆகாதா?
முட்டை சாப்பிடுவதால் உடம்பு வெப்பம் கூடாது. வெயிலுக்குத் தண்ணி குடிங்க. மாதவிடாய் நாட்களிலும் சாப்பிடலாம்.

எவ்வளவு நேரம் அவிக்கணும்?
தண்ணி கொதிச்ச பிறகு எட்டிலிருந்து பத்து நிமிஷம். பிறகு பச்சைத் தண்ணியில் போடுங்க. ரொம்ப நேரம் அவிச்சா மஞ்சக்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சக்கருவின் இரும்பும் சேர்வதால் வருவது அது. பயப்பட வேண்டாம், சாப்பிடலாம். அன்றைக்கு இட்ட முட்டை உரிக்க மக்கர் பண்ணும், நாலு நாள் ஆனது சுலபமா உரியும். தண்ணியில் போட்டால் மேலே வந்து மிதக்கும் முட்டையை விட்டுருங்க.

இன்னைக்கு ஒரு முட்டை ஆறிலிருந்து எட்டு ரூபாய். குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டை விடக் குறைவு. நல்ல புரதம் இவ்வளவு மலிவா, இவ்வளவு சுத்தமா ஓட்டுக்குள்ள அடைச்சு வேற எதுவும் வருவதில்லை.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புற அவசரத்தில் இட்லி, சட்னி, டம்ளர் பால் என்று முடிச்சிடறோம். 2022ல் தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும் வருது. நல்ல திட்டம், எத்தனையோ பிள்ளைகள் வெறும் வயிற்றோடு உட்காராமல் இருக்காங்க. மதியம் தரும் முட்டை மாதிரி காலையிலும் ஒன்று வந்தால் இன்னும் சந்தோஷப்படுவேன். அது அரசு பார்க்க வேண்டியது. வீட்டுக் காலைச் சாப்பாட்டில் ஒரு முட்டை சேர்ப்பது நாம பார்க்க வேண்டியது.

அப்படிச் சேர்க்கும்போது மூன்று விஷயம் மனசில் வைச்சுக்குங்க.

1) வீட்டில் எட்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள் பெண் குழந்தை இருக்கா? அவளுக்கு முழு முட்டை. அவள் வயசுக்கு வரட்டும்னு காத்திருக்காதீங்க.

2) கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் முதல் முட்டை அவங்க தட்டுக்கு. கடைசியில் மிஞ்சுறது வேண்டாம்.

3) முட்டை குறைவா இருக்கிற நாளில் பொடிமாஸ் பண்ணுங்க. எங்க அம்மா கண்டுபிடிச்ச வைத்தியம் அது. கரண்டி மட்டும் நியாயமான கையில் இருக்கணும்.

எங்க தம்பிக்கு இப்போ ரெண்டு பெண் குழந்தைகள். போன மாசம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் அவனே அடுப்படியில் நின்று முட்டை உரிச்சுக்கிட்டு இருந்தான். பிள்ளைகள் தட்டில் ஒவ்வொன்று, அவன் மனைவி தட்டில் ஒன்று வைச்சுட்டு, "அக்கா, உனக்கு ரெண்டு"ன்னான்.

ஏன்டான்னு கேட்டேன்.

"பாக்கி இருக்குல்ல"ன்னு சிரிச்சான்.

ரெண்டையும் சாப்பிட்டேன். மஞ்சக்கரு கடைசியில்.